உதடு அசைந்தால் போச்சு

மரக்காணம் உப்பளத்தில் இருபத்தாறு வருஷமாக உப்பு வாரும் பூங்காவனம், வெளியூர்க்காரர்களின் முகத்தைப் பார்ப்பதில்லை, உதட்டைத்தான் பார்ப்பாள். போன வருஷம் பூநாரை பார்க்க வந்ததாகச் சொன்ன ஒருவன், வரப்பு நெடுக வாய்க்குள்ளேயே அடிகளை எண்ணிக்கொண்டு நடந்தான். அடுத்த மாதமே பக்கத்துப் பாத்திகளை அளந்து எல்லைக்குச் சிவப்புக் கல் நட்டு, வேலையாட்களை வெளியேற்றிவிட்டார்கள்.

இன்று காரில் வந்து இறங்கிய பெலிக்ஸும் அவன் மனைவியும் சும்மா ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர்களாம். வரப்பில் ஏறியதுமே பெலிக்ஸின் உதடு அசைந்தது.

“இன்னாய்யா எண்ணிட்டு வர்ற?”

“ஐயோ, எண்ணலீங்க. வழுக்குது, பயத்துல ஜெபம் பண்றேன்.”

“அப்ப சத்தமா பண்ணு.”

அவன் மாதா ஜெபத்தைச் சத்தமாகவே சொல்லிக்கொண்டு நடந்தான். அப்போதும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. திருட்டுப்பயல் எத்தனை அடி வைக்கிறான், பார்த்துவிடலாம் என்று வரப்பு முடியும்வரை பின்னாலேயே போனாள்.

கார் போன பிறகு மேஸ்திரி கேட்டார்: “யாரும்மா அவங்க?”

பூங்காவனம் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் இருநூற்றுப் பதினாலு என்று வந்துவிடும். வரப்பை அளந்து வைத்திருக்கும் ஆள் இப்போது அவள்தான்.