ஆயுத பூஜை அன்று ஓடிய கம்ப்யூட்டர்

நிலக்கரிச் சுரங்கத்தில் நைட் ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தபோது கண் இரண்டும் எரிந்தது. அன்று ஆயுத பூஜை. பொரி, கடலை, சந்தனம் எல்லாம் என் மனைவி எடுத்து வைத்திருந்தாள். கம்ப்யூட்டர் மட்டும் முந்தின நாள் காலையிலிருந்து ஓடிக்கொண்டே இருந்தது.

அவள் சுரங்க டவுன்ஷிப்பில், எங்கள் பிளாக் கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். ஆன்லைனில் மனு போட்டுத் தருவாள். அங்கே இருப்பது பழைய விண்டோஸ். கைரேகை மெஷின் அதில்தான் வேலை செய்யும். ஆனால் பெரிய பிரவுசர்கள் எல்லாம் அந்த விண்டோஸைக் கைவிட்டுவிட்டன, மனு போடுகிற பக்கங்களே திறப்பதில்லை. யார் யாரோ ஊர் தெரியாதவர்கள் சேர்ந்து இலவசமாகச் செய்கிற ஒரு பிரவுசர்தான் கை கொடுக்கிறது. அதன் நிரலை எடுத்து, வீட்டு லினக்ஸ் மெஷினில் பழைய விண்டோஸில் ஓடுகிற மாதிரி மாற்றி, அதாவது பில்ட் பண்ணி, அவர்களுக்கு அனுப்புவது நான். ஐ.டி.ஐ. படிப்புதான், தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டேன். இந்தத் தடவை என் பில்ட் அன்று சாயங்காலத்துக்குள் வராவிட்டால் பழைய விண்டோஸையே விட்டுவிடுவதாக அவர்கள் எழுதியிருந்தார்கள். விட்டால் கடையையும் மூட வேண்டியதுதான்.

துண்டு துண்டாகச் செய்ததை ஒன்றாகச் சேர்க்கிற கடைசி வேலை ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தினால் அதை முதலிலிருந்து தொடங்கணும், சாயங்காலத்துக்குள் ஆகாது. ஆனால் பூஜைக்கு வைத்த ஆயுதத்துக்கு அன்றைக்கு வேலை கொடுக்கக் கூடாது என்று வளர்ந்தவன் நான். சுவிட்ச் மேல் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

“என்னங்க பண்றீங்க?”

“நிறுத்திட்டுத்தானம்மா பொட்டு வைக்கணும்.”

“மைன்ஸ்ல கரி ஓடுற பெல்ட்ட நிறுத்திட்டா வந்தீங்க?”

“அது ஓடிக்கினுதான் இருக்குது. ஓரமா சந்தனம் வச்சாங்க.”

“அதுக்கு ஒரு சாமி, நம்ம வூட்டுதுக்கு வேற சாமியா? கைய எடுங்க. படைக்கணும்.”

ஓடுகிற மெஷினுக்கே சந்தனம் வைத்தாள். தாயே, தப்பா எடுத்துக்காதே என்று கும்பிட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்தவன் அப்படியே தூங்கிப்போனேன்.

“நின்னுபோச்சுங்க. முடிஞ்சுதா, கெட்டுதா?” என்று எழுப்பினாள்.

முடிந்திருந்தது. பென்டிரைவில் எடுத்துக்கொண்டு போய், மூடின கடையை மறுபடி திறந்தோம். மனுப் பக்கம் மெல்ல மெல்ல வந்தது. தமிழ் எழுத்தும் சரியாக வந்தது. அவள் கைரேகை வைத்துப் பார்த்தாள், எடுத்துக்கொண்டது.

“வேலை செய்யுதுங்க” என்றாள். அங்கிருந்தே பிரவுசர்காரர்களுக்கு அனுப்பி வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. நன்றி, அடுத்த பதிப்புக்கும் நீங்கள்தானே என்று கேட்டிருந்தார்கள். உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி இருந்தது. ஆகட்டும் என்று எழுதிவிட்டு நைட் ஷிப்ட்டுக்குக் கிளம்பினேன்.