வாய் நிறைய ஆணி

ஒரு பிடி ஆணியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டார் என்றால் அன்றைய வேலை தொடங்கிவிட்டது என்று அர்த்தம். எல்லாம் குட்டி ஆணிகள். நாக்கால் ஒன்றைப் புரட்டி, கொண்டை வெளியே வரும்படி உதட்டில் நிறுத்துவார். காந்தச் சுத்தியல் வந்து அதைக் கவ்விக்கொண்டு போகும். சோபாவின் ஓரத்தில் ஒரு தட்டு. சுத்தியலைத் திருப்பி இன்னொரு தட்டு. சோபாவுக்கும் நாற்காலிக்கும் மெத்தை கட்டுவதே தொழில். தெருவில் அவருக்கு ஆணிவாயர் என்று பெயர். ஒன்றைக்கூட விழுங்கியதில்லையா என்று யாராவது கேட்டால், "முழுங்கியிருந்தா சுத்தியலப் பாத்ததும் வயிறு துள்ளுமே!" என்பார்.

அந்த வாயால் இன்னொரு சௌகரியம் உண்டு. பிடிக்காத கேள்வி வந்தால் கூடவே பத்து ஆணி உள்ளே போகும். அப்புறம் எதற்கும் 'ம்', இல்லாவிட்டால் 'ம்ஹும்'. சொன்ன தேதிக்கு ஏன் தரவில்லை என்று சண்டைக்கு வந்தவர்கள் அந்த 'ம்'மோடு எவ்வளவு நேரம்தான் மல்லுக்கட்டுவார்கள்? சரியான கல்லுளிமங்கன்!

கண் சமாச்சாரம் தெருவுக்கே தெரியும். அவருடைய அப்பாவுக்கும் அதுதான். முதலில் மங்கிய வெளிச்சத்தில் தடுமாற்றம் வரும். பிறகு பக்கவாட்டுப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும். குழாய் வழியாகப் பார்ப்பதுபோல எதிரே ஒரு வட்டம் மிஞ்சும். கடைசியில் அதுவும் போகும். இவர் இப்போது அந்த வட்டத்தில் இருக்கிறார். கண்ணெதிரே ஆணிக்கொண்டை தெரியும். காலடியில் இருக்கும் ஸ்டூல் தெரியாது. இடித்துக்கொண்டால் ஸ்டூலுக்குத்தான் திட்டு விழும். "கண்ணு தெரியல ஒனக்கு?"

இதற்கு மருந்து கிடையாது. பிள்ளைகளுக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று கல்யாணத்துக்கு முன்பே மருத்துவர் சொல்லியிருந்தார். இவர் மறைக்கவில்லை. கட்டிக்கொள்ளப் போகிறவளிடம் எல்லாவற்றையும் சொன்னார். "இப்ப நான் தெரியறேன்ல? அப்புறம் என்ன?" என்றாள் அவள். பிள்ளை விஷயத்தில் மட்டும் இருவரும் ரொம்ப நாள் யோசித்தார்கள். வேண்டாம் என்று முடிவெடுப்பார்கள். தெருவில் ஒரு குழந்தையைப் பார்த்துவிட்டு வந்து மறுபடியும் பேச்சை ஆரம்பிப்பார்கள். கடைசியில் ஆசை ஜெயித்தது. ஒரு பெண் பிறந்தாள். அதோடு போதும் என்று நிறுத்திக்கொண்டார்கள்.

அந்தப் பெண் இன்று ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளராக இருக்கிறாள். கல்யாணமாகி அடுத்த தெருவில் குடியிருக்கிறாள். அப்பாவைப் பார்க்க வந்தால் ஆணியை வைத்துத்தான் சண்டை தொடங்கும்.

"பல்லெல்லாம் தேஞ்சு போச்சுப்பா. ஒரு டப்பால போட்டு வெச்சு எடுத்தா கொறஞ்சா போயிடுவீங்க?"

"டப்பாவ எங்க வெச்சேன்னு தேடணும். வாயத் தேட வேணாம் பாரு."

போன மாதம் அவள் சினிமா தியேட்டர் இருட்டில் படி தெரியாமல் உருண்டு விழுந்தாள். கண் மருத்துவர் சோதித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். அப்பாவின் கண்தான்.

அன்றிலிருந்து பட்டறைக்கு அவள் ஒரே கேள்வியோடுதான் வருகிறாள். "நான் கொழந்த பெத்துக்கலாமாப்பா?"

அந்தக் கேள்வியின் அடியும் நுனியும் அவருக்குத் தெரியாதா? வேண்டாம் என்றால், நீ பிறந்திருக்கவே கூடாது என்று பெற்ற மகளின் முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. பெற்றுக்கொள் என்றால், நாளைக்கு இருட்டில் விழப்போவது அவரா? முன்னால் போனால் கடிக்கிறது, பின்னால் போனால் உதைக்கிறது. ஆணியை அள்ளினார். 'ம்' என்றார். சீ, என்ன மனுஷன் நான் என்று தன்னையே திட்டிக்கொண்டார், அதையும் வாய்க்குள்ளேயே.

நேற்று மத்தியானம் மறுபடியும் வந்தாள். அம்மாவும் அங்கேதான் துணி வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அவரு 'ஒன் இஷ்டம்'ங்கறாரு. டாக்டர் 'நீங்க முடிவு பண்ணுங்க'ங்கறாரு. நீங்க 'ம்'ங்கறீங்க. எல்லாரும் என் தலையிலயே கட்டுங்க! ஆணியத் துப்புங்கப்பா. நீங்க பதில் சொல்லாம நான் இன்னிக்கிப் போகமாட்டேன்."

அவர் சுத்தியலை மடியில் வைத்தார். ஒன்று பாக்கியில்லாமல் உள்ளங்கையில் துப்பினார். வெறும் வாயோடு அவர் பட்டறையில் உட்கார்ந்திருப்பது மனைவிக்கே புதிது.

"என்னக் கேக்காதம்மா. இதுல நான் லாபம் பாத்தவன். ஒனக்கு மொதப் பல்லு மொளச்சதப் பாத்தேன், நீ நடந்ததப் பாத்தேன், கல்யாணக் கோலத்துல பாத்தேன். எனக்கு என்ன நஷ்டம்? நான் சரின்னுதான் சொல்வேன். அத நான் சொல்லக்கூடாது. பொறந்தவதான் சொல்லணும். நீ சொல்லு. ஒன்னப் பெத்தது தப்பா?"

அந்தச் சின்ன வட்டத்துக்குள் மகளின் முகம் மட்டும் இருந்தது. அது அழுகையா சிரிப்பா என்று அவருக்குப் பிடிபடவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவர் உள்ளங்கையில் ஈரமாகக் கிடந்த ஆணிகளை அள்ளினாள்.

"ஐயே, எச்சில்டி!" என்றாள் அம்மா.

அவ்வளவையும் வாயில் போட்டுக்கொண்டு, 'ம்ஹும்' என்று தலையாட்டினாள் மகள். நாக்கால் ஒன்றைப் புரட்டி, கொண்டை வெளியே வரும்படி உதட்டில் நிறுத்தி, அப்பாவின் சுத்தியலுக்கு நேரே முகத்தை நீட்டினாள்.