யஸ்வந்த் என்று கூப்பிட்ட நாள்

ஆந்திராவில் சித்தூர் பக்கம் பாலசமுத்திரத்து ஏகாம்பரம் எதற்கும் சுலபத்தில் வாய்பிளக்கிற ஆள் இல்லை. நிலமில்லாத குடும்பத்தில் பிறந்தவர். தொண்ணூறுகளின் கடைசியில் பெங்களூருக்குச் சென்ட்ரிங் வேலைக்குப் போனார். வானத்தை முட்டும் கண்ணாடிக் கட்டடங்களெல்லாம் அவர் கண்ணெதிரே எழும்பியவைதான். அந்தச் சம்பாத்தியத்தில் ஊரில் கொஞ்சம் மாந்தோப்பு வாங்கித் திரும்பிவந்து, மனைவி ரத்னம்மாவோடு பயிர் பார்க்க ஆரம்பித்தார்.

அவர்களுக்கு ஒரே பிள்ளை. சந்தியா என்று பெயர் வைத்தார்கள். பத்தாவது முடித்து, பிளஸ் டூவுக்கு ஈடான இன்டரில் சேர்ந்ததிலிருந்து பிள்ளை சரியாகத் துன்னவில்லை, யாரோடும் பேசவில்லை. ஒருநாள் கத்தரிக்கோலை எடுத்துத் தலைமுடியைத் தானே ஒட்ட வெட்டிக்கொண்டது. ரத்னம்மா அழுதபடி மந்திரிக்கிறவரிடம் கூட்டிப்போனாள். அவர் வேப்பிலையால் அடித்ததில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்ததுதான் மிச்சம்.

காய்ச்சல் முற்றிப்போய் சித்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கே குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கும்போது பிள்ளை சுவரைப் பார்த்தபடியே சொன்னது: "நைனா, நான் பொண்ணு இல்ல. உள்ளுக்குள்ள எப்பவுமே பையன்தான். இப்டியே இருக்கச் சொன்னீங்கன்னா என்னால ஆவாது."

ஏகாம்பரம் பிள்ளையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்துக் கட்டிலுக்கு மருந்து கொடுக்க வந்த நர்ஸ் சுந்தரி காதில் அது விழுந்துவிட்டது. அவரை வராந்தாவுக்கு அழைத்துச் சொன்னாள்: "இந்த மாதிரி பசங்களுக்குன்னே திருப்பதியில ஒரு கிளினிக் கீதுண்ணா. பயப்படாம கூட்டிக்கினு போ."

உடம்பு தேறியதும் பஸ் ஏறினார்கள். ரத்னம்மா வரவில்லை.

வழியெல்லாம் ஏகாம்பரத்துக்கு ஒரே யோசனை. ஊசி போடுவார்களோ, கத்தி வைப்பார்களோ, கட்டிப்போடுவார்களோ! ஆனால் கிளினிக்குக்குள் நுழைந்தால் சாதாரண பெஞ்சுகள், மின்விசிறி, தண்ணீர் கேன். புர்கா போட்ட ஒரு அம்மா தன் பிள்ளையின் தலையைக் கோதிக்கொண்டிருந்தாள். இன்னொரு பக்கம் டை கட்டிய ஒருவர், மீசை அரும்பிய முகத்தில் பொட்டு வைத்த தன் பிள்ளைக்கு முறுக்கைப் பிட்டுக் கொடுத்தார். 'நம்மள மாதிரி இத்தினி பேரா!' அந்தப் பெஞ்சுகளையே திரும்பத் திரும்பப் பார்த்தார்.

டாக்டரம்மா பிரேமலதா உள்ளே கூப்பிட்டாள். எடுத்த எடுப்பில் பிள்ளையைப் பார்த்துத் தெலுங்கில் கேட்டாள்: "நின்னு ஏமனி பிலவாலி?"

உன்னை என்னவென்று கூப்பிட வேண்டும் என்று இதுவரை அந்தப் பிள்ளையை யாரும் கேட்டதில்லை. பிள்ளை தகப்பனைப் பார்த்தது, தரையைப் பார்த்தது. பிறகு சொன்னது: "யஸ்வந்த்."

"சரி யஸ்வந்த், உக்காரு," என்று தமிழுக்கு மாறினாள். "என்கிட்ட தனியா பேசறியா, அப்பா கூட இருக்கணுமா? உன் இஷ்டம்."

தனியாகப் பேசுவதாகச் சொன்னான். ஏகாம்பரம் வெளியே வந்து உட்கார்ந்தார். வெகுநேரம் கதவு திறக்கவில்லை. திடீரென்று உள்ளேயிருந்து ஒரு சிரிப்புச் சத்தம். யாருடைய சிரிப்பு என்று அவருக்கு உடனே பிடிபடவில்லை. பிடிபட்டதும் உடம்பெல்லாம் சிலிர்த்தது. பிள்ளை சிரித்து எத்தனை காலம்!

உயரம், எடை பார்த்தார்கள், கொஞ்சம் ரத்தம் எடுத்தார்கள். பிறகு டாக்டரம்மா அவரிடம் பேசினாள்.

"இது பேயும் இல்ல, பைத்தியமும் இல்ல. இன்னிக்கு மருந்து, ஆபரேஷன் எதுவும் கிடையாது. அதெல்லாம் பதினெட்டு முடிஞ்சப்புறம், அவனே நிதானமா யோசிச்சு முடிவு பண்றது. இப்ப அவன் நல்லா சாப்பிடணும், தூங்கணும், படிக்கணும். இங்க வந்து பேசிட்டுப் போகணும்."

"நான் இன்னா பண்ணணும்மா?"

"அவன் சொல்ற பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. அது போதும்."

ஏகாம்பரம் எழுந்தார். "யஸ்வந்து... வாடா, போலாம்."

பிள்ளையின் முகம் மலர்ந்ததைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். அத்தனை பெரிய கட்டடங்களைப் பார்த்தபோதுகூட அவர் இப்படி நின்றதில்லை.

ரத்னம்மாவுக்குத்தான் நாளானது. புதுப்பெயர் அவள் வாயில் வரவேயில்லை. ஆனால் இரண்டு மாதம் கழித்து ஒருநாள் அடுப்படியிலிருந்து, "டேய், துன்ன வாடா!" என்று சத்தம் போட்டாள். தகப்பனும் பிள்ளையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

யஸ்வந்த் விடாமல் கிளினிக்குக்குப் போய்வந்தான். இன்டர் பாஸ் செய்து, திருப்பதியை அடுத்த ஏர்பேடு பக்கம் செல்போன் பாகங்கள் செய்கிற கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தான். பதினெட்டு தாண்டி, யோசித்து, டாக்டரம்மாவின் கண்காணிப்பில் ஆண் ஹார்மோன் மருந்தும் எடுக்க ஆரம்பித்தான்.

ஒரு சாயங்காலம் ஏகாம்பரம் தோப்பில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கனத்த ஆண்குரல்.

"யாருங்க பேசறது?"

"நைனா, நான்தான். தொண்ட கட்டிக்கல. குரல் மாறிக்கினு வருது."

ஏகாம்பரம் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"டேய் யஸ்வந்து, இன்னொரு தபா நைனான்னு சொல்லு."