செத்தவர்கள் நட்ட வயல்

கொள்ளைநோய் ஐரோப்பாவை எப்படி மாற்றியது என்று கேட்டால் அந்த நாளில் நான் வாய் கிழியப் பேசுவேன். எழுபதுகளின் கடைசி. அம்பகரத்தூர் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. பஸ்ஸில் காரைக்கால் போய்ச் சரித்திரம் படித்துவந்தேன். அறுநூறு வருஷத்துக்கு முன்னால் அங்கே ஊர் ஊராய்ச் செத்தார்கள், உழ ஆளில்லை, மிஞ்சினவன் கூலியைக் கூட்டிக் கேட்டான், பழைய கூலிக்கு மேல் வாங்கக்கூடாதென்று பிரபுக்கள் சட்டம் போட்டார்கள், அந்தச் சட்டம் நிற்கவில்லை. பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து இதையெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வருவேன். அந்தப் பிரபுக்கள்மேல் எனக்கு அப்படி ஓர் ஆத்திரம்!

அந்த வருஷம் கோடையில் எங்கள் ஊருக்கு வாந்திபேதி வந்தது. எங்கள் தெருவில் அடிபம்பு இருந்தது, ஒருவருக்கும் ஒன்றுமில்லை. குட்டைத் தண்ணீர் குடித்த கூலிக்காரர் தெருவில்தான் சாவு. போனவர்களில் ஐந்து பேர் எங்கள் வயலில் நடவு நட்ட பெண்கள்.

புரட்டாசியில் சம்பா நாற்று தயாராகிவிட்டது. நடவுக்குப் பெண்களைக் கூட்டிவருகிறவள் ஒருத்தி இருந்தாள். அவள் வந்து, கூலியைக் கூட்டித் தந்தால்தான் வயலில் இறங்குவோம் என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்பாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நிலம் வைத்திருந்தவர்கள் எல்லாரும் அம்மன் கோயிலில் கூடி, போன வருஷக் கூலிக்கு மேல் எவரும் ஒரு பிடி நெல் தரக்கூடாதென்று சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தார்கள். அது போதாதென்று அப்பாவுக்குத் தாளிலும் வேண்டியிருந்தது.

"ஒனக்குத்தான் கையெழுத்து முத்து முத்தா இருக்கும். எழுதும்மா" என்றார்.

எழுதினேன். என் ஆத்திரமெல்லாம் எங்கே போயிற்று? வாயில் கொழுக்கட்டையா இருந்தது? இரண்டு வரியிலேயே தெரிந்துவிட்டது, இது புத்தகத்தில் படித்த அதே சட்டம்தான். தெரிந்தும் 'மேற்படி', 'மேற்கண்ட' எல்லாம் போட்டு அழகாக எழுதிக் கொடுத்தேன். அப்பாவிடம் பயம், அவ்வளவுதான்.

நாலு நாள் யாரும் இறங்கவில்லை. நாற்று முற்றத் தொடங்கியது. இன்னும் ஒரு வாரம் போனால் அந்தப் போகமே இல்லை. ஐந்தாம் நாள் காலை அப்பாவே ஆள் அனுப்பி அவளைக் கூப்பிட்டார். வந்து வாசலில் நின்றாள். அப்பா தாளை என்னிடம் நீட்டி, "படிச்சுக் காட்டு" என்றார்.

கடைசிவரை கேட்டாள். "நீங்க எழுதுனதா பாப்பா?"

"ஆமா."

அப்பாவைப் பார்த்தாள். "ஐயா, நாங்க புதுசா ஒண்ணும் கேக்கலீங்க. போன வருசம் இருவது பேரு நட்ட நெலத்த இப்ப பதினஞ்சு பேரு நடணும். செத்தவங்க நடவையும் நாங்கதானே குனிஞ்சு நடப்போறோம்? அவங்க கூலியத்தான் கேக்குறோம்."

அப்பா என் கையிலிருந்த தாளை வாங்கி நாலாய் மடித்தார். பிறகு, "சரி, நாளைக்கு எறங்குங்க. சூடத்துக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்" என்றார்.

"வாய்ச்சொல்லு வேணாங்க. பாப்பா எழுதிக் குடுக்கட்டும். செத்தவங்க கூலியும் சேத்துன்னு அவங்க பேரப் போட்டு எழுதட்டும்."

அப்பா தலையாட்டினார். எனக்கானால் உள்ளுக்குள் ஒரே குஷி. பிரபுக்கள் சட்டம் கண்ணெதிரே தோற்றுக்கொண்டிருக்கிறதே! புதுத் தாளை எடுத்து மளமளவென்று எழுதினேன். 'இறந்துபோன' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது.

ஒரு பேர்கூட எனக்குத் தெரியவில்லை. எத்தனை வருஷம் எங்கள் வயலில் குனிந்து நின்றவர்கள்! இங்கிலாந்து ராஜாக்களைக் கேட்டால் வரிசையாக ஒப்பிப்பேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. தலையைத் தூக்கி அவளைப் பார்த்தேன்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. "நான் சொல்றேன், எழுதிக்குங்க பாப்பா. மொதல்ல எம் மவ பேர எழுதுங்க" என்றாள்.

அவள் மகள் போனதே எனக்கு அப்போதுதான் தெரியும்.