அத்தைக்குத் தொண்டை கட்டிய ஞாயிறு

எங்கள் குப்பத்தில் யாருக்கும் மெதுவாகப் பேசத் தெரியாது. கடல் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகியவர்கள், வீட்டுக்குள் உப்பு கேட்டாலும் கரையில் நின்று படகைக் கூப்பிடுகிற குரலில்தான் கேட்பார்கள். அம்மா மீன் விற்கிறவள். அவள் ஒரு தடவை கூவினால் சாந்தோம் பக்கம் போகிற ஆட்டோக்காரர் என்னவோ ஏதோவென்று பிரேக் போடுவார். அந்தக் குரலை அப்படியே எனக்கும் கொடுத்திருந்தாள். கனமான, அடியிலேயே தங்கிவிட்ட குரல். சின்னப் பெண்ணுக்கு இது பொருந்தவில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

குறையைக் கண்டுபிடித்தவர் பாட்டு மாஸ்டர். கடற்கரையோரம் இருந்த எங்கள் சின்ன மாதா கோயிலில் பெரியவர்கள் குழு, பிள்ளைகள் குழு இரண்டையும் அவர்தான் நடத்தினார். ஒவ்வொரு பிள்ளையாக நிற்க வைத்து ஒரு வரி பாடச் சொல்வார். குரல் நன்றாக இருந்தால் முன்வரிசை, சுமாராக இருந்தால் பின்வரிசை. என் வரியைக் கேட்டவர் சட்டைப் பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து நீட்டினார்.

"நீ வாய மட்டும் அசை கண்ணு. சத்தம் வேணாம்."

மிட்டாய் கொடுத்துச் சொன்னதால் அதைப் பெரிய பொறுப்பாக நினைத்துக்கொண்டேன். ஒரு வருஷம் போல, எல்லாப் பாட்டுக்கும், எல்லா வரிக்கும் சிரத்தையாக வாயை அசைத்தேன். அப்பாவை நாங்கள் நைனா என்போம். நைனா கோயிலுக்கு வந்தால் உள்ளே உட்கார மாட்டார், கடைசிக் கதவோரம் கைகட்டி நிற்பார். பாடவும் மாட்டார். வெளியே வந்ததும் பக்கத்தில் நின்றவரிடம், "எம்பொண்ணு கொரலு தனியா கேக்குது பாத்தியா" என்பார். அவரும் ஆமாம் என்பார்.

இந்த நிலையில்தான் பிள்ளைகள் குழுவைத் தன்னிடம் விடச் சொல்லி அத்தை கேட்டாள். அத்தை நைனாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தாள். காலேஜ் முடித்து அடையாறில் ஒரு ஆபீஸில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். மாஸ்டரிடமே கீபோர்டு கற்று, கோயிலில் வாசித்தும் வந்தாள். குரு மேல் மரியாதை உண்டு. ஆனால் அவர் பிள்ளைகளைத் தரம் பிரித்து நிறுத்துவதைப் பார்த்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். யாரையும் பொறுக்கி எடுக்க மாட்டேன், வருகிற பிள்ளைகள் எல்லாரும் பாடுவார்கள் என்று ஃபாதரிடம் சொன்னாள். மாஸ்டர் சிரித்தார். "கொரல் இருக்கறவன் பாடுவான், இல்லாதவன் சும்மா இருப்பான். இதுல சொல்லிக்குடுக்க இன்னா கீது?"

ஃபாதர் இருவருக்கும் நல்லவராக இருக்கப் பார்த்தார். பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்குகிற புதுநன்மை ஞாயிறு வரைக்கும் அத்தை நடத்தட்டும், அன்றைய பூசையில் பாட்டு நன்றாக அமைந்தால் குழு அவளுக்கு, சொதப்பினால் மறுபடி மாஸ்டருக்கு என்று தீர்ப்பு சொன்னார். மாஸ்டரிடம் திரும்பிப் போனால் எனக்கு மிட்டாய் உண்டு, பாட்டு கிடையாது. அது எனக்கும் நன்றாகப் புரிந்தது.

அத்தையின் வகுப்பு சனிக்கிழமை காலையில், கோயிலுக்குப் பின்னால் மணலில் நடந்தது. ஆரம்பத்தில் பல வாரம் அவள் எங்களைப் பாடவே விடவில்லை. கண்ணை மூடிப் படுக்கச் சொல்வாள். படகுகள் திரும்புகிற நேரம் அது. தூரத்தில் எஞ்சின் சத்தம் கேட்கும்போதே இது யார் படகு என்று சொல்ல வேண்டும். எங்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை. இது மாமாவுடையது, கொஞ்சம் இருமும். அது பெரியப்பாவுடையது, கடைசியில் இழுக்கும். நைனாவின் எஞ்சினை, அது அலைக்கு அந்தப் பக்கம் இருக்கும்போதே நான் சொல்லிவிடுவேன்.

"எஞ்சின் சத்தத்துல அப்பனக் கண்டுபுடிக்கிற காது இது," என்பாள் அத்தை. "சரிகம எம்மாத்திரம்?"

பெற்றவர்களுக்கு இது பிடிக்கவில்லை. "பாட்டு கத்துக்க அனுப்புனா மண்ணுல படுத்துக்கினு கீதுங்க, இன்னா கிளாஸு இது?" என்று அம்மாவே கேட்டாள். அத்தை அசரவில்லை. அடுத்து எவர்சில்வர் டம்ளர்களில் தண்ணீர் ஊற்றித் தட்டினாள், பிறகு கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு சுரங்களை அழுத்தினாள். சத்தம் ஏறினால் கையை மேலே தூக்க வேண்டும், இறங்கினால் தாழ்த்த வேண்டும். என் கை தப்பினதே இல்லை. ஆனால் வாயைத் திறந்தால் மற்றவர்கள் குரல் போய் நிற்கிற இடத்துக்கு என் குரல் வராது, எங்கோ கீழே நின்றுகொண்டிருக்கும். பிள்ளைகள் தவளை என்பார்கள்.  அத்தை தலையைச் சாய்த்துக் கேட்பாள், கீபோர்டில் கீழே எங்கேயோ ஒரு கட்டையை மெல்லத் தொட்டுப் பார்ப்பாள், தனக்குத்தானே தலையாட்டிக்கொள்வாள். பரிதாபத்தில் ஆட்டுகிறாள் என்று நினைத்து அந்த நேரங்களில் அவளைப் பார்க்க மாட்டேன்.

புதுநன்மைக்கு முந்தின நாள் வினை வந்தது. பூசையில் முதல் பைபிள் வாசகம் முடிந்ததும் ஒரு பாட்டு உண்டு. ஒருவர் தனியாக ஒரு வரி பாட, கோயிலே அதைத் திருப்பிப் பாடும். தனியாகப் பாட வேண்டிய அக்காவுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்துவிட்டது. கழுத்தில் தங்கச் சங்கிலியும், பூரி மாதிரி உப்பிய கன்னமுமாகப் படுத்திருந்தாள். அத்தை எங்களை உட்கார வைத்து, யாருக்கு எல்லா வரியும் தெரியும் என்று கேட்டாள். மற்றவர்களுக்குத் திருப்பிப் பாடுகிற வரி மட்டும்தான் தெரியும். சத்தம் போடாமல் இருந்த வருஷத்தில் எல்லாப் பாட்டையும் முழுதாகக் கேட்டிருந்தவள் நான் ஒருத்திதான்.

"அக்கா, இவளா? தவள மாரி பாடுவாக்கா," என்று அத்தையிடம் சொன்னான் ஒருவன்.

"இவதான்," என்றாள் அத்தை.

ஞாயிறு காலை கோயில் நிறைந்திருந்தது. வெள்ளைக் கவுன் போட்ட பிள்ளைகள், சட்டைக்குக் கஞ்சி போட்ட அப்பாக்கள். மாஸ்டர் முன் பெஞ்சில். நைனா வழக்கம்போல் கதவோரம். வாசகம் முடிந்தது. அத்தை கீபோர்டில் ஆரம்ப இசையை வாசித்து என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

கீபோர்டு ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் போனோம். எனக்கே கேட்டது, இத்தனை வாரம் மணலில் படுத்த காது சும்மா இருக்குமா? முன் பெஞ்சில் மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். வாயை மூடிவிடலாம் என்று தோன்றியது. அந்த வினாடியில் கீபோர்டு நின்றுவிட்டது. ஏதோ ஒயர் கழன்றுவிட்டதாக்கும் என்று நினைத்து நான் பாட்டுக்குப் பாடிக்கொண்டே போனேன். நாலைந்து வார்த்தை தள்ளி அது மறுபடி வந்தது, என் குரலுக்கு அடியில் மெத்தை விரித்த மாதிரி வந்து உட்கார்ந்தது. என்னை ஒட்டி அத்தையின் குரலும் வந்தது. சேர்ந்து பாடுவது என்றால் இதுதானா என்று உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

பிள்ளைகள் ஒருவர்கூடத் தடுமாறவில்லை. பாட்டு இறங்கிவிட்டதைக் கேட்டு, இறங்கின இடத்திலேயே பிடித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு நடந்ததுதான் அதிசயம். எங்கள் கோயிலில் பெண்கள்தான் பாடுவார்கள், ஆண்கள் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அன்று பின்னாலிருந்து கடகடவென்று ஆண் குரல்கள் எழும்பின. வலை இழுக்கிற மாமாக்கள், பெரியப்பாக்கள், கதவோரத்தில் நைனா. நைனா பாடி அன்றுதான் முதலில் கேட்டேன். எனக்காகத்தான் பாடுகிறார் என்று சந்தேகமே இல்லாமல் நம்பினேன்.

பூசை முடிந்ததும் ஃபாதர் அத்தையிடம், "ஆம்பளைங்க வாயத் தொறந்துட்டாங்களேம்மா. கொழந்தைங்கள நீயே பாத்துக்க," என்றார்.  மாஸ்டர் போகும்போது கீபோர்டின் மூலையில் மின்னிய சின்ன எண்ணைக் குனிந்து பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார், இரண்டு கையையும் கூப்பினார். எதற்குக் கும்பிடுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

பின்னாளில் அத்தையிடமே கீபோர்டு கற்றபோதுதான் அந்த எண்ணை மாற்றுகிற பொத்தானைப் பார்த்தேன். விரல் இடம் மாற வேண்டாம், அதை அழுத்த அழுத்தப் பாட்டு மொத்தமும் படிப்படியாக இறங்கும். அன்று ஆண்கள் வாய் திறந்ததும் பாட்டு அவர்கள் குரலுக்கு எட்டுகிற இடத்துக்கு இறங்கியதால்தான். எந்தப் படியில் என் குரல் நிற்கிறது என்று அவள் மணலிலேயே கண்டுபிடித்து வைத்திருந்தாள். முன்கூட்டியே இறக்கி வைக்கலாம்தானே என்று கேட்டேன். பதட்டத்தில் நான் எங்கே தொடங்குவேன் என்று தெரியாது, அதனால் தொடங்கின பிறகு வந்து சேர்ந்துகொண்டேன் என்றாள். குழுவே கையை விட்டுப் போயிருக்கக்கூடிய நேரத்தில் என்னைத் திருத்தாமல் தன்னை மாற்றிக்கொள்ள எத்தனை பேருக்கு மனசு வரும்? இப்போது நானும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறேன். அப்படி மாற்றிக்கொள்வது எனக்கு ஒவ்வொரு வாரமும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

ஆனால் அந்த ஞாயிறு எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? நான்தான் ஒருவழியாக ஏறிப்போய்ச் சுரத்தைப் பிடித்துவிட்டேன் என்று தலைகால் புரியாமல் திரிந்தேன். வீட்டில் பிரியாணி. அத்தைக்குப் பேச்சே வரவில்லை, தொண்டை கட்டியிருந்தது. அவள் குரல் குயில் குரல். என் கனத்துக்கு அதை இழுத்துப் பிடித்து, என்னைத் தாங்கிக்கொண்டு அத்தனை வரியும் பாடியிருந்தாள். பனியில் ஆபீஸ் போய் வருவதால் கட்டிக்கொண்டது என்று நினைத்தேன். அம்மாவிடம் கேட்டு வெந்நீரில் மிளகும் பனங்கற்கண்டும் போட்டு எடுத்துக்கொண்டு போனேன்.

"அத்த, நீ இனிமே கஷ்டப்பட்டு பாடாத," என்றேன், ரொம்பப் பெரிய மனசோடு. "நான் பாத்துக்கறேன். நீ சும்மா வாய மட்டும் அசை."

அத்தை வெந்நீரை ஊதிக் குடித்துக்கொண்டே சரி என்று தலையாட்டினாள்.