காந்தலூர் மேட்டில் கீக்கவும் கீழேயும்

சனிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு நல்லேப்பிள்ளி கடைவீதியில் இரண்டு ஜீப்புகள் வந்து நின்றன. முன் ஜீப்பில் ரசியாக்கா. பாலக்காட்டில் அவர்கள் குடும்பத்துக்கு டயர் கடை. பின் ஜீப்பில் சிவதாசன் அண்ணன், கஞ்சிக்கோட்டில் ஆலை வேலை. அவரோடு விநோத். விநோத்துக்கு ஸ்பானர் போதும், பேச்சு வேண்டாம். அடுத்த மாதம் நடக்கும் மலைத்தட ராலிக்கு எங்கள் ஜீப் குழுவிலிருந்து ஒரு ஜீப்தான் போகிறது. ஓட்டுவது ரசியாக்கா என்று முடிவாகிவிட்டது. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வழி சொல்வது நானா, விநோத்தா என்பதை இந்த இரண்டு நாளில் சிவதாசன் அண்ணன் தீர்மானிப்பார்.

எனக்கு அந்த இருக்கை வேண்டும். ரோட்புக் என்றொரு நோட்டு உண்டு. எத்தனை கிலோமீட்டரில் என்ன திருப்பம், எங்கே பள்ளம், எங்கே பாறை என்றெல்லாம் அதில் இருக்கும். ஓட்டுகிறவர் அதைப் பார்ப்பதே இல்லை. பக்கத்தில் இருப்பவர் வாசிப்பதை நம்பித்தான் திருப்புவார். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். விவசாய ஆபீஸான கிருஷிபவனின் நோட்டீஸ் முதல் மருந்து டப்பாவின் பின்பக்கம் வரை பத்து வயதிலிருந்து நான்தான் வாசித்துச் சொல்லிவருகிறேன். வாசிப்பதில் என்னை யார் மிஞ்சுவார் என்ற நினைப்போடுதான் ஜீப்பில் ஏறினேன்.

"சோறு கட்டிக் குடுத்தாங்களா உங்கூட்ல?" என்றார் ரசியாக்கா.

"புளிச்சோறுங்க. உங்களுக்கும் சேத்தித்தான்."

"அப்ப நீ பாஸ்."

பொள்ளாச்சி முப்பது கிலோமீட்டர். அங்கிருந்து உடுமலை இன்னும் முப்பதுக்குக் கொஞ்சம் குறைவு. உடுமலையில் ஏழரைக்கு இட்லி, வடை, காப்பி. ஆளுக்கு எழுபது ரூபாய். எட்டே முக்காலுக்குச் சின்னாறு சோதனைச் சாவடியில் வண்டி எண்ணை எழுதிக்கொண்டு விட்டார்கள். காடு தாண்டி மறையூர். கரும்புப்பாலின் வாசனை சாலையிலேயே பிடித்துக்கொண்டது. அங்கிருந்து பதினாறு கிலோமீட்டர் ஏற்றத்தில் காந்தலூர். வந்து சேரும்போது மணி பத்தரை. வெயில் அடித்தது, ஆனால் ஸ்வெட்டரைக் கழற்ற முடியவில்லை.

கூடாரம் போட இடம் தந்தவர் முருகேசன், பூண்டு விவசாயி. கூடாரத்துக்கு முந்நூறு ரூபாய், வெந்நீர் இலவசம். அவருடைய நிலத்தையும் பக்கத்துத் தோட்டங்களையும் சுற்றி ஐந்தரைக் கிலோமீட்டருக்கு ஜீப் தடம் ஓடுகிறது. உரிமையாளர்களிடம் முன்பே கேட்டுவைத்திருந்தோம். அதுதான் எங்கள் பயிற்சிப் பாதை. முற்பகலில் எல்லோருமாக நடந்தே பார்த்தோம். சிவதாசன் அண்ணன் சொல்லச் சொல்ல நான் ரோட்புக்கில் எழுதினேன். அழகான கையெழுத்து என்று அவரே சொன்னார்.

மூன்று மணிக்கு ஓட்டம் தொடங்கியது. முதல் இரண்டு கிலோமீட்டர் பிசகில்லை. "நூறு மீட்டர், இடது. குழி. வலது, மெதுவா." பிறகு ஒரு பாறையில் ஜீப் ஏறி இறங்கியதில் நோட்டு கையிலிருந்து துள்ளிக் காலடியில் விழுந்தது. எதிரே தடம் இரண்டாகப் பிரிந்தது. குனிந்து எடுக்க நேரமில்லை. காலையில் நடந்தபோது சூரியனைப் பார்த்துத் திரும்பிய இடம் அது என்பது மட்டும் பளிச்சென்று நினைவுக்கு வந்தது.

"கீக்க போங்கக்கா, கீக்க!" என்று கத்தினேன்.

எங்கள் ஊரில் கிழக்கு என்பதற்கு அப்படித்தான் சொல்வோம். வரப்பில் நின்று கீக்க என்றால் எல்லோரும் ஒரே பக்கம் திரும்புவார்கள். ஆனால் ரசியாக்கா பாலக்காட்டு டவுன்காரர். அவர் காதில் விழுந்தது கீழே. கிழக்குத் தடம் வலப்பக்கம் மேட்டில் ஏறியது. இடப்பக்கத் தடம் கீழே பூண்டுப் படிவயலுக்கு இறங்கியது. ஒரு நொடிகூடத் தயங்காமல் ஜீப் கீழே இறங்கியது. அன்று காலைதான் தண்ணீர் பாய்ச்சிய வயல். முன்சக்கரம் இரண்டும் அச்சுவரை சேற்றில் புதைந்தன.

"கீழன்னு நீதானேடி சொன்ன!"

"நான் கீக்கன்னு சொன்னேனுங்க!"

"ரெண்டுக்கும் என்னடி வித்தியாசம்?"

முருகேசன் வந்து முதலில் பூண்டைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார். நசுங்கியது பத்துப் பதினைந்து செடிதான். விஷயத்தைக் கேட்டதும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "ஏந் தங்கச்சி, இந்த மலையில கிழக்காவது மேற்காவது? எட்டு மணிக்குத்தான் சூரியனே எட்டிப் பாக்கும். இங்கன எல்லாம் அங்கிட்டு, இங்கிட்டுதேன்."

சிவதாசன் அண்ணன் சிரிக்கவில்லை. பின் ஜீப்பின் வின்ச் கம்பியில் கட்டி இழுத்து வெளியே எடுக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. கை கழுவும்போது மெதுவாகச் சொன்னார்: "மோளே, இது வயல். ராலியில அது கொக்கையா இருந்தா? நாளைக்கு புக்கு விநோத் பிடிக்கட்டே." கொக்கை என்றால் அவர் மொழியில் பாதாளம். அவர் கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

ஆறு மணிக்கு அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது ரசியாக்கா பால் விடாத கட்டன்சாயா கொண்டுவந்தார். "உன் தப்பு மட்டுமில்லடி. நீ இடது வலதுன்னாலும் எஞ்சின் சத்தத்துல கடைசி 'து'தான் எங் காதுக்கு வருது. இன்னிக்கு பாதி நான் உன் கையப் பாத்துத்தான் திருப்புனேன்."

"எங்கூட்ல சோத்தாங்கை, பீச்சாங்கைம்போமுங்க" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். கல்லூரி முதல் வருடம் பீச்சாங்கை என்று சொல்லப்போய் வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து வெளியாட்கள் முன்னால் அந்தச் சொல்லை எடுப்பதில்லை. ரசியாக்காவும் சிரித்தார், சாயா சிந்தும்படி. "எங்க அத்தா இன்னும் அதாண்டி சொல்லுவாரு!"

இருட்டுவதற்குள் ரோட்புக்கின் ஆறு பக்கங்களையும் திருத்தினேன். வலதுக்குச் சோறு, இடதுக்குப் பீச்ச. திசைப் பெயர் ஒன்றுகூட இல்லை. ஏறுவதற்கு மேடு, இறங்குவதற்குப் பள்ளம்.

ஞாயிறு காலை ஏழு மணி. விநோத் கையில் நோட்டைக் கொடுக்குமுன் சிவதாசன் அண்ணனிடம் போய் நின்றேன். "ஒரே ஒரு தடவ குடுங்கண்ணா. தப்புப் பண்ணுனா நானே கொண்டுபோய் விநோத்கிட்டக் குடுத்தர்றேனுங்க." அவர் ரசியாக்காவைப் பார்த்தார். ரசியாக்கா எஞ்சினைக் கிளப்பினார். விநோத் கதவைத் திறந்துவிட்டு நகர்ந்துகொண்டான்.

பனி இன்னும் விலகியிருக்கவில்லை. வாக்கிடாக்கியைத் திறந்தே வைக்கச் சொல்லியிருந்தார் அண்ணன். "ஐம்பது மீட்டர், பீச்ச. குழி. சோறு. சோறு, மேடு!"

வாக்கிடாக்கியில் அண்ணன் குரல் கரகரத்தது. "சோறோ? இப்பவோ?"

ரசியாக்கா சிரித்துக்கொண்டே திருப்பினார், ஆனால் சரியாகத் திருப்பினார். நேற்றைய பிரிவில் பனியில் இரண்டு தடமும் தெரியவில்லை. "சோறு, மேடு" என்றேன். ஜீப் வலப்பக்கம் ஏறியது. ஐந்தரைக் கிலோமீட்டர், இருபத்திரண்டு நிமிடம், ஒரு திருப்பம்கூடத் தப்பவில்லை.

சிவதாசன் அண்ணன் நோட்டை வாங்கிப் புரட்டினார். "ராலியில வேற ஆளுங்க கேட்டா நாணக்கேடாக்கும்" என்றார். பிறகு, "சாரமில்ல, போகட்டே. வண்டிக்குள்ள என்ன பேசணும்னு உங்க ரெண்டு பேருக்கும் அறிஞ்சா மதி, அது போதும்." பையிலிருந்து ராலி விண்ணப்பத்தை எடுத்து நீட்டினார்.

பதினொன்றுக்குக் கிளம்பினோம். நசுங்கிய செடிகளுக்கு முருகேசன் காசு வாங்க மறுத்துவிட்டார். அவர் வீட்டுப் பூண்டு இரண்டு கிலோவை விலைக்கு வாங்கிக்கொண்டோம். மலை இறங்கும்போது யோசித்துப் பார்த்தேன். எங்கள் ஊர் சமதளம். திசைகள் நாலும் எல்லோருக்கும் பொது. எங்கே நின்று சொன்னாலும் கிழக்கு கிழக்குத்தான். மலையில் ஒரே சாலை ஒரு கிலோமீட்டருக்குள் நாலு திசைக்கும் முகம் காட்டிவிடுகிறது. அங்கே என் ஊரிலிருந்துகொண்டு வழி சொல்ல முடியாது. ஸ்டியரிங் பிடித்திருப்பவருடைய கையிலிருந்துதான் சொல்ல வேண்டும்.

மறையூர் தாண்டிய வளைவுகளில் விண்ணப்பத்தை மடியில் வைத்து, ரசியாக்காவின் பெயருக்குக் கீழே என் பெயரை எழுத ஆரம்பித்தேன். பாராட்டு வாங்கிய கையெழுத்து மேலும் கீழுமாக ஓடியது.

"ஓரமா நிறுத்தட்டாடி? அழகா எழுதிக்கோ."

"வேண்டாங்கக்கா. ஓட்டுங்க" என்றேன். "இனி ஓடற வண்டியிலதானுங்க எழுதோணும்."