சுவரைப் பார்க்கும் பெஞ்சு

மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுத்தருபவள் அவள். தாயின் முகத்தில் பயத்தைக் கண்டால் பிள்ளையும் மிரளும் என்று, அம்மாக்களைக் குளத்துக்கு முதுகு காட்டிச் சுவரைப் பார்த்து உட்காரவைப்பாள். திரும்பிப் பார்ப்பவர்கள் மேல் எரிந்து விழுவாள்.

இன்று அவள் மகளுக்கே முதல் வகுப்பு. சொல்லித்தருபவர் இன்னொரு மாஸ்டர். தான் போட்ட சட்டத்தில் தானே மாட்டிக்கொண்டு அவளும் பெஞ்சில் உட்கார்ந்தாள். இருப்புக்கொள்ளவில்லை. நகத்தைக் கடித்தாள், எழுந்தாள், உட்கார்ந்தாள். மகளின் அழுகை சட்டென்று நின்றது.

"என்ன மாஸ்டர், சத்தத்தையே காணோம்?"

"தலை தண்ணிக்குள்ள இருந்தா சத்தம் எப்படி வரும்? திரும்பாதீங்க டீச்சர்!"

அவள் மறுபடி எழப்போனாள். பக்கத்திலிருந்த ஒரு அம்மா மெல்லக் கையைப் பிடித்தாள்.

"எதிர்ல அந்தக் கறுப்பு டைல்ஸைப் பாருங்க டீச்சர், கண்ணாடி மாதிரி குளம் முழுக்கத் தெரியும். நாங்க எல்லாரும் அப்படித்தான் பாத்துட்டிருக்கோம்."